இடையில் 50 கிலோமீட்டர்

"சம்பாதிக்கத் திருப்பூர், பிள்ளை வளர்க்கக் கோவை" என்பவர்கள் நடுவிலிருக்கும் 50 கிலோமீட்டரை மறந்துவிடுகிறார்கள். பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருங்கினால் அப்பா அவிநாசி ரோட்டில் வரும்போதே குழந்தை தூங்கிவிடும். அது எழுமுன் அவர் கிளம்பிவிடுவார். கோவையின் சிறுவாணித் தண்ணீர் ருசிதான். அதற்காக அப்பாவை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி ஆக்குவதா?

திருப்பூரில் நொய்யல் ஆறு சாயக்கழிவால் பாழானது உண்மை. 2011இல் சென்னை உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. போர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துத்தான் அங்கே குடிபோக வேண்டும். ஆனால் "குழந்தைகளுக்குக் காட்ட அந்த ஊரில் என்ன இருக்கிறது?" என்பது ஊர் தெரியாத பேச்சு. 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது.

கோவையில் வேலை பார்ப்பவர்கள் கோவையில் இருக்கட்டும். திருப்பூரில் வேலை என்றால் பள்ளிக்கூடத்தையும் அங்கேயே பாருங்கள்.