ஆஸ்துமா உள்ள பிள்ளையும் ஓடிப்பிடித்து ஆடட்டும்

ஆஸ்துமாவுக்காக எங்களிடம் வரும் பிள்ளைகளின் பெற்றோரில் பலர், "நாங்கள் ஓடவே விடுவதில்லை" என்று சற்றுப் பெருமையுடன் கூறுகின்றனர். பள்ளியிலும் அதே நிலைதான். மற்றவர்கள் கோ-கோ ஆடும்போது அப்பிள்ளை ஓரத்தில் அமர்ந்து புள்ளி குறிக்கிறது. இது அன்பினால் விளையும் அச்சம் என்பதை அறிவோம். ஆயினும், நோய் கட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இது வேண்டாத தண்டனை என்றே கருதுகிறோம்.

ஓடும்போது சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்குவது உண்மையே. வாய்வழியாக வேகமாக மூச்சு வாங்குகையில் குழாயின் உட்புறம் ஈரமிழந்து இறுகுகிறது. ஆனால், இடைவிடாமல் பல நிமிடங்கள் ஓடுவதே இதனை மிகுதியாகத் தூண்டும். ஓடிப்பிடிக்கும் ஆட்டங்களின் அமைப்போ வேறு. கோ-கோவில் துரத்தும் அணியினர் எட்டுப் பேர் குந்தியிருக்க, ஒருவரே பாய்கிறார். சில விநாடிகளில் 'கோ' கொடுத்து அவரும் அமர்ந்துவிடுகிறார். தப்பி ஓடும் முறை சற்றுக் கடினம்தான். எனினும் பிடிபட்டவர் வெளியே வந்து இளைப்பாறலாம். கல்லா மண்ணாவில் கல்லின்மேல் நிற்பவரை மண்ணில் நிற்பவர் தொட இயலாது. மூச்சு வாங்க அந்த இடைவெளி போதும். மருத்துவரைக் கேட்டு யாரும் இவ்விதிகளை வகுக்கவில்லை. இருந்தும் எவ்வளவு பொருத்தம்!

நேராக ஓடுவதில் கிட்டாத பயிற்சியும் இவற்றில் உண்டு. எதிரே இருப்பவர் எப்பக்கம் சாய்வார் என்பதைக் கண் முன்னரே அறிய வேண்டும். பாய்ந்த கால் சட்டென நின்று திரும்ப வேண்டும். நொண்டியில் ஒற்றைக் காலே முழு உடலையும் தாங்க வேண்டும். 5 முதல் 17 வயது வரையிலானோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. ஓரத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அது எங்ஙனம் கிட்டும்?

எல்லா நாளும் ஆடலாம் என்று நாங்கள் கூறவில்லை. சளியோ இளைப்போ இருக்கும் நாளில் ஓய்வே நன்று. இரவு இருமலால் உறக்கம் கெட்டாலோ, உடனடி நிவாரண இன்ஹேலர் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டாலோ, ஆட்டத்தை நிறுத்துவதோடு நில்லாமல் சிகிச்சையை மறுபரிசீலனை செய்ய எங்களிடம் வாருங்கள். மற்ற நாள்களில் முதல் 10 நிமிடங்கள் மெதுவாக நடந்தும் ஓடியும் உடலைப் பழக்கியபின் ஆடட்டும். ஆட்டத்துக்கு முன் மருந்து இழுக்க வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அத்தாளின் ஒரு படியும் ஓர் இன்ஹேலரும் உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கட்டும்; பூட்டிய அலமாரியில் அல்ல, திடலிலேயே.