பாட்டிலுக்குப் பத்து ரூபாய், மனுசனுக்கு?

"குடியை விடுறதுக்குக் காசு குடுக்கிறதா? அதையும் கொண்டுபோய்க் குடிச்சிருவானுங்க." போதைச் சிகிச்சையில் ஊக்கத்தொகை என்று பேச்செடுத்தாலே படித்தவர்கள் சொல்வது இது. யார் அந்த 'அவனுங்க'? சேரியும் பளியர் குடியிருப்பும்தான். கிளப்பில் உட்கார்ந்து குடிப்பவன் இந்தக் கணக்கில் வரமாட்டான்.

காசு காட்டிப் பழக்கத்தை மாற்றுவது அரசுக்குப் புதுசில்லை. நீதிமன்ற உத்தரவுப்படி 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். அது கொடைக்கானல் மலைக்கும் வந்தது. காட்டில் கண்ணாடி கிடந்தால் யானைக்கு ஆபத்து, நியாயந்தான். பாட்டிலைக் கீழே வைத்த மனுசனுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? 2023-24இல் மட்டும் டாஸ்மாக்கால் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய்!

அமெரிக்காவில் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்திலேயே இதைச் சோதித்தார். சிறுநீரில் கொக்கைன் இல்லையென்றால் பொருள் வாங்கும் சீட்டு. ரொக்கம் இல்லை. தொடர்ந்து விட்டிருந்தால் சீட்டின் மதிப்பு ஏறும், தவறினால் முதல் தொகைக்கு இறங்கும். சீட்டு வாங்கியவர்கள் சிகிச்சையில் அதிக நாள் நின்றார்கள். 'அதையும் குடிச்சிருவான்' என்பவர்களுக்கு அப்பவே பதில் சொல்லியாச்சு. குடிக்கு அடிமையான அமெரிக்கப் பூர்வகுடிகள் 158 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனை 2021இல் வெளியானது. அங்கேயும் பரிசு வேலை செய்தது.

பெருமாள்மலை அருகே பேத்துப்பாறையில் காபித் தோட்டத்துக் கூலி சிகிச்சைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. குடியை விடுவதற்கு நம்ம ஆள்தான் இப்போது காசு கட்டுகிறான். முதலில் அந்தக் கூலியைக் கொடுங்கள். ஊக்கத்தொகையைப் பிறகு பேசலாம்.

சோதித்துப் பார்க்கட்டும், இங்கேயே பார்க்கட்டும். ஆனால் முடிவு யார் கையில் இருக்கும்? ஓரிரு நாளைக்கு முந்திக் குடித்ததைக்கூடக் காட்டிக்கொடுக்கும் சிறுநீர்ச் சோதனைகள் இருக்கின்றன. அந்தச் சீட்டு கங்காணி கைக்கோ போலீஸ் கைக்கோ போனால் கூலியைப் பிடிக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும். வருசக்கணக்காகக் குடித்தவன் பரிசுக்காகத் திடுதிப்பென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டர் இல்லாமல் தொடங்கவே கூடாது. பரிசு நின்றதும் பலர் மறுபடி குடிக்குப் போவதும் நடக்கிறது. அதனால் 12 வாரத்தில் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடாமல் ஒரு வருசமாவது கூட நிற்க வேண்டும்.

பணம் டாஸ்மாக் வருமானத்திலிருந்தே வரட்டும். சீட்டுக்கு என்ன பொருள், எவ்வளவு என்பதை அந்தக் குடியிருப்புப் பெண்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.