திண்ணைக்கும் சீட்டா?

காந்திகிராமத்தில் மாலைக் காற்று வாங்க எவரும் காசு கொடுப்பதில்லை. சிறுமலையிலிருந்து இறங்கி வரும் காற்று, சின்னாளபட்டி நெசவாளர் வீட்டுத் திண்ணைக்கும் வருகிறது. பேராசிரியர் வீட்டு முற்றத்துக்கும் வருகிறது. அந்தத் திண்ணையை விட்டுப் பிழைப்புத் தேடிச் சென்னை சென்ற நம் பிள்ளைகளின் நிலை யாது? அறையின் சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். சம்பளத்தின் பெரும்பகுதி வாடகைக்கு. மிச்சத்தில் சோறு.

அங்கே வாழ்க்கைச் செலவு மிகுதி என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கு 2024 ஜனவரி முதல் வீட்டு வாடகைப்படி, சென்னையிலே அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 30; திண்டுக்கல் போன்ற ஊர்களில் நூற்றுக்கு 10. நன்று! ஓட்டலில் இலை எடுப்பவருக்கும், சித்தாளாகச் செங்கல் சுமக்கும் தாய்க்கும் இந்தப் படியை எவர் அளந்தார்? வாடகை மட்டும் அவர்களுக்கும் அதே வாடகைதான்.

இத்தகையோருக்குப் பூங்கா என்பது அலங்காரம் அன்று, தோழர்களே! ஊரில் விட்டு வந்த திண்ணைக்கு நகரம் தரவேண்டிய ஈடு அது.

2024 அக்டோபரில் சென்னை கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவை முதலமைச்சர் திறந்து வைத்தார். 6 ஏக்கருக்குச் சற்று மிகுதியான அரசு நிலம். 46 கோடி ரூபாய் அரசுப் பணம். விலை மதிப்பற்ற அந்த இடத்தில் வணிக மாளிகை எழுப்பாமல் மரம் வைத்தார்களே, அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் வாயிலில் எழுதி வைத்தது என்ன? பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50. உள்ளே கம்பியில் தொங்கிப் பறப்பதற்கும், பறவைகளைப் பார்ப்பதற்கும் தனித்தனிச் சீட்டு!

நம் ஊர்க் கணக்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாட்கூலி 319 ரூபாய். கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர் அந்த வாயிலைக் கடக்க 300 ரூபாய். மீதி 19. பட்டாணிச் சுண்டல் வாங்கலாம். ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்பது ஐயம்தான். அக்கம்பக்கத்து மாளிகைகளிலோ வீட்டுக்குள்ளேயே தோட்டம்! தோட்டம் உள்ளவர் உள்ளே போகலாம். இல்லாதவர் வெளியே நிற்கவேண்டும். இது என்ன நியாயம்?

"பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா?" என்பர். வேண்டும். கம்பியில் பறப்பவரிடம் வாங்குங்கள், மறுக்கவில்லை. மரநிழலில் அமர்பவரிடம் எதற்கு? தெருவிளக்குக்கும் செலவுண்டு, அதன் வெளிச்சத்தில் நடப்பவரிடம் சீட்டா கேட்கிறோம்? "கட்டணம் இல்லையேல் கூட்டம் சேர்ந்துவிடும்" என்று வாதிடுவோரும் உளர். கூட்டம் வருவதற்குத்தானே ஐயா பூங்கா!

1859-இல் வெள்ளைக்கார கவர்னர் டிரெவெலியன் 116 ஏக்கரில் சென்னைக்கு மக்கள் பூங்கா கண்டார். பின்வந்தோர் மூர் மார்க்கெட்டுக்கென்றும், ரிப்பன் மாளிகைக்கென்றும், விளையாட்டரங்குக்கென்றும் அதைக் கிள்ளிக் கிள்ளியே தீர்த்தனர். இருந்த நிழலை இழந்த நகரத்தில், புதிய நிழலுக்கு விலை வைக்கிறார்கள். வாயிற்கட்டணத்தை அறவே நீக்குக என்கிறோம்.

சென்னைச் சேதிதானே என்று சின்னாளபட்டித் தோழர்கள் இருந்துவிட வேண்டாம். திண்டுக்கல்–மதுரைச் சாலையோரம் நட்ட மனைக்கற்களைப் பார்த்திருப்பீர்கள். 2019-ஆம் ஆண்டு விதிப்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக எஞ்சிய நிலத்தில் நூற்றுக்கு 10 பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தரவேண்டும். இந்த வாரமே ஊராட்சி அலுவலகம் செல்லுங்கள். வரைபடத்தைக் கேளுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த இடத்துக்கே நடந்து போய்ப் பாருங்கள். முள்வேலி இருந்தால், போட்டவர் யார் என்று கேட்டு நமக்கு எழுதுங்கள்.