சூரியன் வராத ஊரில் சுபஹ்



ரஷ்யாவின் வடகோடியிலே நொரில்ஸ்க் என்றொரு நகரம். நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மீண்டும் முகம் காட்டும். குளிரோ பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை வரை இறங்கும். வீட்டுச் சூட்டில் உறைந்த மண் இளகிக் கட்டடம் சாயாதிருக்க, தூண்களின் மேலேயே வீடு கட்டுகிறார்கள்.

1998இல் அங்கும் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. சூரியனே வராத ஊரில் சுபஹ் எது, மஃரிப் எது? தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம்போல நீளும். அப்போது தொழுகை நேரங்களைக் கணித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதை ஆதாரமாகக் கொண்டே உலமாக்கள் இத்தகைய ஊர்களுக்கும் வழி சொல்கிறார்கள்.

சூரியனுக்கு விடுமுறை உண்டு, தொழுகைக்கு இல்லை. பாங்கு காதில் விழுந்தும் போர்வையை இழுத்து மூடும் நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?