நட்பு வேறு, பத்திரம் வேறு!

இரண்டு நண்பர்கள் சேர்ந்து தொழில் தொடங்கினால் ஊரில் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை, "உங்களுக்குள்ள என்னப்பா சண்டை வரப்போவுது?" இரண்டு வருடம் கழித்து அதே ஆட்கள் சொல்வது, "கூட்டு வியாபாரம்னாலே இப்படித்தான், அப்பவே நினைச்சேன்!" நடுவில் என்ன நடந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சண்டை வந்த பிறகு இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு. "மனசு விட்டுப் பேசுங்க, விட்டுக்கொடுத்துப் போங்க." வியாபாரத்தில் இதைப் போல உதவாத அறிவுரை வேறு கிடையாது. ஒருவருக்குக் கடன் வாங்கியாவது இரண்டாவது கிளை திறக்க வேண்டும். இன்னொருவருக்கு இருக்கிற கடையை ஒழுங்காக நடத்தினால் போதும். ஒருவர் காலை ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்குகிறவர். இன்னொருவர் பதினோரு மணிக்கு வந்து நள்ளிரவு வரை கணக்குப் பார்க்கிறவர். இதில் யார் மேலும் தப்பில்லை. எவ்வளவு பேசினாலும் இவர் அவராக மாறப்போவதும் இல்லை. வேற்றுமையை ஒழிக்க முடியாது. எந்த முடிவு யாருடையது என்று பிரித்து வைக்கத்தான் முடியும். பேச வேண்டியது அதைத்தான், அதுவும் சண்டை வருவதற்கு முன்னால்!

ஆப்பிள் கதையையே எடுத்துக்கொள்வோம். 1976 ஏப்ரல் 1 அன்று ஸ்டீவ் ஜாப்ஸும் வாஸ்னியாக்கும் போட்டது ஒரு பார்ட்னர்ஷிப் ஒப்பந்தம். ஆளுக்கு 45 சதவீதம். மீதி 10 சதவீதம் ரொனால்ட் வெய்ன் என்ற மூத்தவருக்கு. எதற்கு? இரண்டு பேரும் முட்டிக்கொண்டால் தீர்ப்புச் சொல்ல. இருபதுகளில் இருந்த இரண்டு பையன்களுக்கு முதல் நாளே அந்த யோசனை இருந்திருக்கிறது. கடன் வந்தால் தன் சொந்த சொத்தும் போகும் என்று பயந்து வெய்ன் 12 நாளில் விலகி, பங்குக்கு 800 டாலர் வாங்கிக்கொண்டார் என்பது தனிக்கதை.

அடுத்து ஆப்பிள் 2 கம்ப்யூட்டர். கூடுதல் கார்டு செருக இரண்டு ஸ்லாட் போதும் என்றார் ஜாப்ஸ். எட்டு இல்லாமல் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார் வாஸ்னியாக். வடிவமைத்தவர் அவர், அதனால் அவர் சொன்னதே நடந்தது. 1977-ல் எட்டு ஸ்லாட்டோடு வந்தது. பின்னால் டிஸ்க் டிரைவ் இணைந்தது அந்த ஸ்லாட்டில்தான். 1979-ல் விசிகால்க் கணக்கு மென்பொருள் வந்து, அலுவலகங்கள் அந்த கம்ப்யூட்டரை வாங்கிக் குவித்தன. 1984-ல் ஜாப்ஸ் தலைமையில் வந்த மெக்கின்டாஷில் ஒரு ஸ்லாட்கூட இல்லை! அதுவும் வரலாறு ஆனது. ஆக, யார் சொன்னது சரி என்பதைவிட அந்த முடிவை எடுக்க வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி.

நம் ஊர் சட்டம் என்ன சொல்கிறது? 1932-ம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 12. அன்றாட விஷயங்களில் கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பான்மைப்படி முடிவு செய்யலாம். தொழிலின் தன்மையையே மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டே பேர் இருக்கும் கடையில் பெரும்பான்மைக்கு எங்கே போவது? பிரிவு 13 இன்னும் வேடிக்கை. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபம் சரிசமம், உழைப்புக்குத் தனிச் சம்பளம் கிடையாது. அதாவது நாள் முழுக்கக் கடையில் நிற்பவருக்கும், வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்கும் ஒரே பங்கு! பத்திரம் எழுதாமல் விட்டவர்கள் தெரியாமலேயே இதற்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"பார்ட்னர்ஷிப் டீடில் இருக்க வேண்டிய அம்சங்களை எழுதுக" என்ற கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் எழுதி மார்க் வாங்கியவர்களும், சொந்தமாகக் கடை போடும்போது டீக்கடை பெஞ்சில் பேசியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்டால், "நண்பன்கிட்ட போய் பத்திரம் கேட்டா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடும்." அட! கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கே வீட்டைப் பாகம் பிரித்துப் பத்திரம் பதிகிற ஊர் இது. தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிவைத்ததும் நம் ஆட்கள்தான்.

அண்ணன் தம்பி என்றதும் ஜெர்மனியின் டாஸ்லர் சகோதரர்கள் ஞாபகம் வரும். அடி டாஸ்லர் ஷூ செய்வதில் மன்னன், ருடி விற்பதில் மன்னன். 1920-களில் சேர்ந்து நடத்திய கம்பெனி 1948-ல் உடைந்தது. ஒருவர் அடிடாஸ், இன்னொருவர் பூமா. "பிரிந்ததால்தானே இரண்டு பெரிய கம்பெனி கிடைத்தது?" என்று கேட்கலாம். ஹெர்ஸோகனாராக் என்ற அந்தச் சின்ன ஊரைக் கேட்டால் தெரியும். தொழிலாளிகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். எதிரில் வருபவரின் காலில் எந்த ஷூ என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள் என்ற பெயர் ஊருக்கே வந்தது. இரண்டு கம்பெனி ஆட்களும் சேர்ந்து ஒரு சமாதானக் கால்பந்து ஆடியது 2009-ல். அறுபது வருடம்! முதலாளிகள் சண்டையில் முதலாளிகள் மட்டும் அடிபடுவதில்லை.

அதனால் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதும் முன்பே நாலு விஷயத்தை எழுதிவிட வேண்டும். கொள்முதல், விற்பனை, பணம் இவற்றில் எதில் யார் சொல் கடைசி? யார் எத்தனை மணி நேரம் உழைப்பது, அதற்கு என்ன சம்பளம்? இருவரும் முட்டிக்கொண்டால் யார் சொல்லைக் கேட்பது? ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு விலை போடுவது எப்படி? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். சிரித்துப் பேசும் காலத்தில் அதற்கு நியாயமான விலை சொல்வார்கள். முறைத்துக்கொண்ட பிறகு சொல்வது விலை இல்லை, வஞ்சம்.

பத்திரம் கேட்டதற்கே கோபித்துக்கொள்ளும் நண்பன், நாளைக்குப் பணம் விஷயத்தில் என்ன செய்வான்? அந்தப் பதில் ஒரு முத்திரைத்தாள் செலவிலேயே தெரிந்துவிட்டால் லாபம்தானே!