கூலியா? புண்ணியமா?

கண் பார்வையற்ற மாணவர் ஒருவர் கல்லூரிப் பரீட்சைக்குப் போவதானால், தாம் வாயால் சொல்லும் விடையைத் தாளில் எழுதித் தர ஓர் ஆளைத் தேடவேண்டியிருக்கிறது. ஸ்கிரைப் என்று அவருக்குப் பெயர். பெரும்பாலும் அந்த ஆள் கிடைப்பது, தெரிந்தவர் தெரியாதவரையெல்லாம் கெஞ்சித்தான். ஒப்புக்கொண்டவர் பரீட்சையன்று காலையில் "ஊரில் இல்லை" என்று சொல்லிவிட்டால், அந்த மாணவரின் உழைப்பு வீணாயிற்று. அவரைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. ஏனென்றால் அவர் வருவதாகச் சொன்னது உபகாரம். உபகாரம் செய்கிறவனை அதட்டிக் கேட்க, பெறுகிறவனுக்கு யோக்கியதை ஏது?

இதில் நம் மக்களுக்கு யாதொரு தப்பிதமும் தோன்றுவதில்லை. அங்கக் குறைவு முன்ஜென்ம பாவத்தின் பலன் என்றும், அப்படிப்பட்டவருக்கு உதவினால் மறுஜென்மத்துக்குப் புண்ணியம் என்றும் சொல்லிக் கொடுத்தே வளர்த்திருக்கிறார்கள். இந்தக் கணக்குப்படி உதவி பெறுகிற மாணவர் ஒரு மனிதரல்ல, நாம் புண்ணியம் போட்டு வைக்கும் உண்டியலேயாவார். உண்டியல் என்றைக்காவது வாய் திறந்து நியாயம் கேட்டதுண்டா?

நிற்க, அமெரிக்காவில் நடந்த சங்கதி ஒன்றைப் பார்ப்போம். கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி சர்வகலாசாலையில் 1962-ல் எட் ராபர்ட்ஸ் என்பவர் சேர்ந்தார். 14-வது வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு கைகால் விளங்காமல் போனவர். இரவில் மூச்சுவிட ஓர் இரும்பு இயந்திரத்துக்குள் படுக்க வேண்டியவர். சாதாரண விடுதி அதற்குத் தோதாயில்லாததால், சர்வகலாசாலை ஆஸ்பத்திரியிலேயே அவருக்குத் தங்க இடம் கொடுத்தார்கள். இவர் வேலைக்கே லாயக்கில்லாதவர் என்று சர்க்காரின் மறுவாழ்வு இலாகா முதலில் கைவிரித்தது. இவரும் இவரைப் போன்ற மாணவர்களும் செய்த முயற்சியால் 1970-ல் அங்கே ஊனமுற்ற மாணவர்களுக்கென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. துணையாட்களைத் தேடிக் கொடுப்பதும், சக்கர நாற்காலி பழுதுபார்ப்பதும் அதன் வேலைகள். துணையாளுக்குச் சம்பளம் உண்டு. அவரை வைப்பதும் நீக்குவதும் அந்த மாணவர் இஷ்டம். கைவிரித்த அதே இலாகாவுக்கு 1975-ல் ராபர்ட்ஸே தலைவரானார்!

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2016-ம் வருஷத்துச் சட்டம் சர்க்கார் கல்லூரிகளில் 100-க்கு 5 இடம் ஒதுக்கச் சொல்லுகிறது. பரீட்சையில் மணிக்கு 20 நிமிஷம் அதிகம் கொடுக்க 2018-ல் விதியும் வந்தது. ஆனால் இடம் கொடுத்த கல்லூரி, அந்த மாணவருக்குப் பாடம் வாசித்துக் காட்ட, வகுப்பில் குறிப்பெடுக்க, காது கேளாதவருக்குச் சைகையில் சொல்ல யாரை வைத்திருக்கிறது? கேட்டால், நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்பார்கள். 1969-ல் ஏற்பட்ட அத்திட்டத்தில் வருஷத்துக்கு 120 மணி நேரம் தொண்டு கணக்கு. அதில் ஒரு மணி கைப்பிடித்து அழைத்துப் போவதற்கு, பாக்கி போட்டோவுக்கு! (மனதாரச் செய்யும் பிள்ளைகளும் உண்டு, அவர்களை நாம் குறை கூறவில்லை.)

ஆனால் மனதார நினைத்தாலும் இனாமாய் உழைக்க எவனால் முடியும்? மாலையில் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி விடுதிச் சாப்பாட்டுப் பணம் கட்டுகிற ஏழைப் பிள்ளையால் முடியுமா? தகப்பன் பணம் அனுப்புகிற பிள்ளையால்தானே முடியும்? அந்த ஏழைப் பிள்ளைக்கே மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசி, கணக்குக் குறிகளை எப்படி எழுதுவது, படத்தை எப்படி வாயால் விவரிப்பது என்று பழக்கி வைத்தால், ஒரே பணத்தில் இரண்டு பேர் படிப்பு நடக்கும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். கூலி வாங்கினவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சேவைக்குக் கூலி வைத்தால் சேவையின் பெருமை போய்விடுமே என்று சில கனவான்கள் கவலைப்படுகிறார்கள். உபாத்தியாயர் சம்பளம் வாங்குகிறார்; டாக்டர் பீஸ் வாங்குகிறார்; மந்திரம் சொல்லுகிறவர் தட்சணை இல்லாமல் எழுந்திருப்பதில்லை. அங்கெல்லாம் போகாத பெருமை இங்கே மட்டும் போய்விடுமாம்!

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பந்தலும் மாலையும் பொன்னாடையும் வாங்கிய கணக்குப் புத்தகத்தை முதலில் எடுத்துப் பார்க்கட்டும். உங்கள் ஊர்க் கல்லூரியில் ஊனமுற்ற மாணவர் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பள ஆட்கள் எத்தனை பேர் என்று, வரும் பரீட்சைக்கு முன்பே தோழர்கள் பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.