அடுப்புக்கு கேஸ் சரி, குளியலறைக்கு?

சித்தூரிலோ திருப்பதியிலோ கேஸ் பற்றிப் பேச்செடுத்தால் அது இரண்டே இடங்களில் போய் நிற்கும். ஒன்று, சிலிண்டர் விலை. இன்னொன்று, வெடித்துவிடுமோ என்ற பயம். இரண்டுமே நியாயமான கவலைகள். ஆனால் கேஸ் எரிவதற்கு வேண்டிய காற்று எங்கிருந்து வருகிறது, எரிந்த பிறகு வரும் புகை எங்கே போகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வீட்டுக்குள் கேஸ் நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியைப் பொறுத்தது.

விறகடுப்போடு ஒப்பிட்டால் கேஸ் அடுப்பின் நன்மையில் விவாதிக்க எதுவுமில்லை. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1999இல் தீபம் திட்டம் மகளிர் குழுக்களுக்கு கேஸ் இணைப்பு கொடுத்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. மாந்தோப்புச் சுள்ளியை ஊதி ஊதி கண் எரிந்த ஒரு தலைமுறைப் பெண்களுக்கு இவை பெரிய விடுதலை. திருமலையில் லட்டு தயாராகும் ‘போட்டு’ எனும் மடைப்பள்ளியிலேயே 1984 வரை விறகுதான் எரிந்தது, பிறகுதான் கேஸ். அதே திருமலையில் அன்னதானச் சமையலுக்காக 2002இல் சூரிய நீராவி அமைப்பும் நிறுவப்பட்டது. 106 குவிதட்டுகள், தினம் 15,000 பேருக்குச் சமைக்கும் திறன். அவ்வளவு பெரிய மடைப்பள்ளியே ஒரே எரிபொருளை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை.

இப்போது ஆந்திர அரசின் தீபம்-2. 2024 நவம்பர் 1 முதல் தகுதியுள்ள குடும்பங்களுக்கு நான்கு மாதத்துக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு மூன்று சிலிண்டர் இலவசம். முதலில் நாம் பணம் கட்ட வேண்டும், பிறகு வங்கிக் கணக்கில் திரும்ப வரும். நால்வர் குடும்பத்துக்கு ஒரு சிலிண்டர் ஒன்று, ஒன்றரை மாதம் வரும் என்று கொண்டால், ஆண்டுத் தேவையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் வரை இதில் தீரும். மீதிக்குச் சந்தை விலைதான். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் கூடியபோது டெல்லி விலை 853 ரூபாய் ஆனது. நம் பக்கம் போக்குவரத்தைப் பொறுத்து மாறும். நாட்டின் சமையல் கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதுவும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. அந்தக் கப்பல்கள் கடந்துவரும் ஹார்முஸ் நீரிணையில் பதற்றம் என்றால் புங்கனூர் அடுப்புக்கும் அது செய்திதான்.

இண்டக்‌ஷனுக்கு மாறிவிடலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14.2 கிலோ கேஸில் உள்ள வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஐ.எஸ்.ஐ. தரப்படி அடுப்பின் திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது பாத்திரத்துக்குப் போய்ச் சேர்வது 120 யூனிட் அளவு. அதே வேலையை இண்டக்‌ஷன் ஏறக்குறைய 140 யூனிட்டில் முடிக்கும். ஏற்கெனவே மாதம் 100 யூனிட் ஓடும் வீட்டில் இந்தக் கூடுதல் யூனிட்டுகள் 4.50, 6 ரூபாய் அடுக்குகளில் விழும். மொத்தம் 800 ரூபாயைத் தொடும், கிட்டத்தட்ட சிலிண்டர் விலை. ஏசி ஓடி 225 யூனிட்டைத் தாண்டிவிட்ட வீட்டிலோ 8.75 ரூபாய் அடுக்கு. 1,200 ரூபாய்க்கு மேல் போகும். இதற்குமேல் ட்ரூ-அப் எனும் சரிக்கட்டுக் கட்டணம் வந்தால் இன்னும் ஏறும். ஆகவே, பணத்தை மட்டும் பார்த்து கேஸைக் கைவிட இங்கே காரணமில்லை. சிலிண்டர் தாமதமாகும் நாளுக்கு ஒரு இண்டக்‌ஷன் இருந்தால் நல்லது, அவ்வளவே.

வெடிப்பு பயத்துக்கு வருவோம். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தேங்கும். அதனால்தான் சிலிண்டர் வைக்கும் இடத்தில் கீழே காற்றோட்டம் வேண்டும் என்கிறார்கள். நாமோ புதிதாகக் கட்டும் வீடுகளில் மாடுலர் கிச்சன் என்று சொல்லி, சிலிண்டரை மேடைக்கடியில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். அழகுக்காகச் செய்யும் இந்த ஒரு காரியம் போதும், சின்னக் கசிவைப் பெரிய விபத்தாக்க. என்றாலும் கசிவுக்கு ஒரு காவல் இருக்கிறது: அழுகல் வாடை அடிக்கும் மெர்காப்டனை வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறார்கள். மூக்கு சொல்லிவிடும்.

மூக்கு சொல்லாத ஆபத்து குளியலறையில் இருக்கிறது. திருப்பதி அடுக்குமாடிகளிலும், குளிர் கூடுதலான பலமநேர், குப்பம், மதனப்பள்ளி பக்கங்களிலும் கேஸ் கீஸர் மாட்டுவதுண்டு. கரண்ட் செலவில்லை, திறந்ததும் சுடுதண்ணீர், விலையும் மலிவு. நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தரும் கீஸர் ஐந்து பர்னர்கள் ஒன்றாக எரிவதற்குச் சமமான கேஸை எரிக்கிறது. ஒரு கிலோ கேஸ் முழுதாக எரிய 12, 13 கனமீட்டர் காற்று வேண்டும். ஐந்துக்கு ஆறடிக் குளியலறையில் இருப்பது மொத்தமே ஏழு கனமீட்டர். கதவைச் சாத்தி, குளிருக்காக வென்டிலேட்டரையும் மூடிவிட்டால், பத்தே நிமிடத்தில் அறைக் காற்றில் கால்வாசிக்கு மேல் எரிந்துபோகும். காற்று போதாத நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலை சுற்றுகிறது என்று நினைக்கும்போதே தாழ்ப்பாளை நீக்கக் கை எழாது. குளிர்காலம்தோறும் நாட்டில் எங்கோ ஒரு குளியலறையில் இது நடக்கிறது. மாரடைப்பு என்று சொல்லி முடித்துவிடும் சம்பவங்களும் இருக்கக்கூடும்.

கீஸரைக் குளியலறைச் சுவருக்கு வெளியே, திறந்த பால்கனியிலோ யூட்டிலிட்டியிலோ மாட்டி, சுடுதண்ணீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவந்தால் இந்த ஆபத்து பெருமளவு விலகும். பிளம்பர் ஒரு நாளில் முடிக்கும் வேலை. திருப்பதி வெயிலுக்கு சோலார் ஹீட்டர் இருக்கும்போது கேஸ் கீஸரே எதற்கு என்பது என் எண்ணம்.

கேஸ் அடுப்பும் முழுக்கச் சுத்தமானதல்ல. அதன் நெருப்பு நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அது ஆகாது. 2023இல் அமெரிக்காவில் கேஸ் அடுப்பு அரசியல் சண்டையாகவே மாறியது. அந்தச் சண்டையை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நம் வீடுகளில் ஜன்னல் திறந்திருக்கிறது. அதாவது, இதுவரை. ஏசிக்காக எப்போதும் அடைத்துவைத்த ஃபிளாட்டுகளில் அந்தச் சலுகை இல்லை. தாளிக்கும்போதாவது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும்.

சித்தூர், கோலார், வேலூர் மூன்று மாவட்டங்களையும் சேர்த்து ஒரே குழாய் கேஸ் விநியோகப் பகுதியாக அறிவித்திருக்கிறார்கள். குழாயில் வரும் மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே ஏறும். அப்போது வென்டிலேட்டர் கூரையை ஒட்டி வேண்டும். பழைய பர்னர் ஜெட்டும் மாற வேண்டும்.

மூன்று சிலிண்டருக்குச் செலவிடும் அரசு, அதோடு ஐந்தாண்டுக்கொரு முறை டியூப் மாற்றத்தையும் கீஸர் சோதனையையும் இணைக்கலாம். கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் மாநகராட்சிகள், குளியலறைக்குள் கேஸ் கீஸர் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் கேஸ் கீஸர் குளியலறைக்குள் இருந்தால், இந்த மார்கழிக்கு முன் வெளியே மாற்றிவிடுங்கள். கேஸ் கசிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906.